சாரம் கட்டுவதற்கு முன் கால் நிற்கும் மண்ணைக் குத்திப் பாருங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் வீடு கட்டியபோது, உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் சாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அது மேஸ்திரியின் வேலை என்று இருந்துவிட்டேன். மே மாதம் ஒரு ராத்திரி, காற்றோடு ஒரு மணி நேரம் மழை கொட்டியது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொத்தனார் அண்ணன் மாடிச் சுவர்ப் பூச்சுக்கு மேலே ஏறினார். ஏறின கொஞ்ச நேரத்தில் வடக்கு மூலைக் கால் ஒன்று அரை அடி மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பலகை சாய்ந்து, கலவைச் சட்டி கீழே விழுந்தது. அவர் சன்ஷேடைப் பிடித்துத் தொங்கினார். ஏணி கொண்டுவந்து இறக்கினோம். மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. சட்டி விழுந்த இடத்தில் ஐந்து நிமிடம் முன்புவரை சித்தாள் அக்கா உட்கார்ந்து மணல் சலித்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அன்றைக்கே வேலையை நிறுத்தினேன். ராணிப்பேட்டைப் பக்கம் பெரிய கட்டுமானங்களில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் வந்து, முழுச் சாரத்தையும் பிரித்து மறுபடி கட்ட வைத்தான். சாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3696 என்று ஒன்று இருப்பதே அவன் சொல்லித்தான் தெரியும். முதல் பகுதி சாரத்துக்கு, இரண்டாம் பகுதி ஏணிக்கு. அதற்குப் பிறகு காட்பாடியிலும் அரியூரிலும் சொந்தக்காரர்கள் வீடு கட்டும்போது கூடவே நின்று பார்த்தேன். அப்படித் தெரிந்துகொண்டதை, முதல்முறை வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். தரைத்தளம், மாடி என்று இருக்கும் வீடுகளுக்கு இது போதும். அதைவிட உயரம் என்றால் பொறியாளர் வரைந்து கொடுக்காமல் சாரம் கட்டாதீர்கள்.

1. எந்தச் சாரம்?

நம் ஊரில் சவுக்குக் கட்டையும் கயிறும்தான் பழக்கம். தரைத்தளப் பூச்சுக்கு அது போதும். மாடிக்கு நான் எச் ஃபிரேம்தான் (எச் எழுத்து வடிவ இரும்புச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவது) எடுப்பேன். கயிற்றுக் கட்டு மழையில் நனைந்து நம் ஊர் வெயிலில் காய்ந்தால் தளர்ந்துபோகிறது. தினமும் யார் ஏறி இறுக்கிக் கட்டுவார்கள்? நைலான் கயிறு வழவழப்பான கட்டையில் வழுக்கும், அது வேண்டவே வேண்டாம். கீழே பாதி இரும்பு, மேலே பாதி சவுக்கு என்று கலந்து கட்டுவதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாடகைக் கடையில் நீங்களே போய் நின்று எடுங்கள். வளைந்த பைப், பற்றவைப்பில் விரிசல் விட்ட ஃபிரேம், திருகு தேய்ந்த ஜாக்கி (காலுக்கு அடியில் உயரம் சரிசெய்ய மாட்டும் திருகு) எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஃபிரேமுக்கு மேல் ஃபிரேம் மாட்டும் இடத்துக்குப் பூட்டு ஊசி உண்டு. கடையில் கேட்டால்தான் தருவார்கள், எண்ணி வாங்குங்கள்.

2. மண்

நான் தவறவிட்ட இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டைச் சுற்றிலும் ஒரே மண் என்றுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தூணுக்கு ஐந்தடிக் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, மீதியை மண் தள்ளி மூடியிருப்போம். சுவரில் இருந்து இரண்டரை அடி வரை அந்த நிரப்பின மண்தான். சாரத்தின் உள்கால் சுவரில் இருந்து ஓரடி தள்ளி நிற்கும், வெளிக்கால் ஐந்தடி தள்ளி நிற்கும். அதாவது உள்கால் நிரப்பின மண்ணில், வெளிக்கால் கெட்டி மண்ணில். வெயில் காலத்தில் இரண்டும் கல் மாதிரிதான் இருக்கும். தண்ணீர் பட்டதும் உள்கால் மட்டும் இறங்கும். எங்கள் வீட்டு மூலையில் நடந்தது இதுதான்.

மழை பெய்தால்தானே என்று நினைக்காதீர்கள். பூசின சுவருக்கு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்கிறோம். அந்தத் தண்ணீர் முழுவதும் சுவரோரமாக வடிந்து உள்கால் அடியில்தான் போய்ச் சேருகிறது. மழையே இல்லாத ஏப்ரலிலும் சாரத்தின் காலை நாமே ஊறவைத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நான் செய்வது இது. சாரம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, கால் நிற்கப்போகும் ஒவ்வொரு இடத்திலும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி விடுகிறேன். மறுநாள் காலை 10 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் கையால் குத்துகிறேன். நான்கு விரல் அளவுக்கு மேல் இறங்கினால் அந்த மண் ஆகாது. ஓரடி தோண்டி எடுத்துவிட்டு, அரையடி அரையடியாக மண் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து நிரப்பச் சொல்கிறேன். இரண்டு ஆளுக்கு அரைநாள் வேலை. அதற்கு மேல் 9 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் உள்ள பலகை. உள்காலும் வெளிக்காலும் அந்த ஒரே பலகையில் உட்காருகிற மாதிரி சுவருக்குக் குறுக்காகப் போடுங்கள். பலகையின் மேல் ஜாக்கியின் தட்டை வைத்து ஆணி அடித்துவிடுங்கள்.

செங்கல், சாலிட் பிளாக், உடைந்த டைல்ஸ் இவற்றை அடுக்கி உயரம் சரிசெய்யக் கூடாது. ஒரு செங்கல் நொறுங்கினால் அந்தக் கால் அந்தரத்தில் தொங்கும். உயரம் சரிசெய்யத்தான் ஜாக்கி. அதையும் ஓரடிக்கு மேல் திருகி வெளியே எடுக்காதீர்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் மேடான பக்கத்து மண்ணை வெட்டிச் சமன் செய்யுங்கள்.

எங்கள் மேஸ்திரி முதலில் கேட்டார்: "இன்னாத்துக்கும்மா இவ்ளோ பலகை? நாலு நாள் வேலைக்கு?" அவர் மேல் தப்பில்லை. பலகைக்குக் காசு கொடுக்க வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள் என்று அவருக்கு அனுபவம். நான் கொடுக்கிறேன் என்றதும் அவரே தேடி நல்ல பலகையாகக் கொண்டுவந்தார்.

3. மாட்டுவதும் சுவரோடு கட்டுவதும்

ஃபிரேம் மாட்டுவது கொத்தனார்களுக்குத் தெரிந்த வேலை. முதல் வரிசை நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரிசை ஏற்றச் சொல்லுங்கள். ஃபிரேம்களைக் குறுக்காக இணைக்கும் கிராஸ் பைப் இரண்டு பக்கமும் வேண்டும். பூச்சுக்கு இடைஞ்சல் என்று உள்பக்கத்து கிராஸைக் கழற்றுவார்கள். கழற்றாமல் செய்ய முடியும், கொஞ்சம் நேரம் கூடும், அவ்வளவுதான்.

கட்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். சாரத்தின் உயரம் அதன் அகலத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் சுவரோடு கட்டாமல் நிற்கக் கூடாது. நான்கடி அகல ஃபிரேமுக்கு அது 16 அடி. நான் மூன்று மடங்கிலேயே, 12 அடியிலேயே கட்டச் சொல்வேன். சன்னல் திறப்புக்கு உள்பக்கம் சுவரில் படிகிற மாதிரி ஒரு பைப்பைக் குறுக்கே வைத்து, அதையும் சாரத்தையும் இன்னொரு பைப்பால் இணைத்து கிளாம்ப் போடுவது எளிய வழி. சாரம் வெளியே சாயவும் கூடாது, சுவர்ப் பக்கம் வரவும் கூடாது. அதனால் வெறும் கம்பி சுற்றி இழுத்துக் கட்டினால் போதாது. மழைநீர்க் குழாயிலும் சன்னல் கம்பியிலும் கட்டாதீர்கள்.

சன்னல் ஓரம் பூசும் நாளில் இந்தக் கட்டைத்தான் முதலில் அவிழ்ப்பார்கள். அவிழ்ப்பதற்கு முன் பக்கத்துத் திறப்பில் வேறு கட்டு போட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் கட்டு போட்ட பைப்புக்கெல்லாம் சிவப்பு பெயிண்ட் அடித்தோம். சிவப்பைத் தொடுவதற்கு முன் மேஸ்திரியைக் கேட்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தோம்.

4. பலகை, கைப்பிடி

ஒற்றைப் பலகையில் நின்று பூசுவது நம் ஊரில் எல்லா இடத்திலும் பார்க்கிற காட்சி. ஒரு காலைப் பின்னால் வைத்தால் அங்கே காற்றுதான். ஃபிரேமின் முழு அகலத்துக்கும் இடைவெளி இல்லாமல் பலகை போடுங்கள். பலகை முனை தாங்கும் பைப்பைத் தாண்டி அரையடியாவது நீண்டிருக்க வேண்டும், ஓரடிக்கு மேல் நீளக் கூடாது. குறைந்தால் நழுவும்; கூடினால், முனையை மிதித்ததும் மறுமுனை தூக்கிக்கொள்ளும். வெடிப்பும் பெரிய முடிச்சும் உள்ள பலகையை ஒதுக்குங்கள். பெயிண்ட் அடித்த பலகையை வாங்காதீர்கள், வெடிப்பு தெரியாது. இரும்புப் பலகை கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் மே மாதம் மத்தியானம் அதில் கை வைக்க முடியாது, சாக்கு நனைத்துப் போடவேண்டியிருக்கும்.

இடுப்புக்குச் சற்று மேலே, மூன்றரை அடியில் ஒரு பைப். அதற்குப் பாதி உயரத்தில் இன்னொன்று. பலகை ஓரத்தில் ஆறு அங்குல உயரத்துக்குத் தடுப்புப் பலகை. கரண்டியும் கல்லும் கீழே நிற்கிற சித்தாள் தலையில் விழாமல் காப்பது இந்தக் கடைசிப் பலகைதான். முக்கால்வாசி இடங்களில் இதைத்தான் போடுவதில்லை.

பாரத்தையும் பாருங்கள். ஒரு செங்கல் மூன்று கிலோ. அறுபது கல்லை ஒரே இடத்தில் அடுக்கினால் 180 கிலோ, அதோடு இரண்டு ஆள், கலவைச் சட்டி. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்லுங்கள்.

5. ஏணி

கிராஸ் பைப்பில் கால் வைத்து ஏறுவதை நிறுத்துங்கள். ஏணி நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் சாய்ந்திருக்கட்டும், மேல்தளத்தைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்கட்டும், மேல்முனையைக் கட்டுங்கள். தலையில் சட்டியோடு ஏணி ஏறுகிற அக்காக்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கை இருப்பதில்லை. ஒரு கப்பியும் கயிறும் வாங்கி மாட்டிவிட்டால் கலவையைக் கயிற்றில் இழுத்தே மேலே ஏற்றிவிடலாம். இவ்வளவு எளிய விஷயத்தை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

6. மின்கம்பி

நம் தெருக்களில் பால்கனியை உரசிக்கொண்டுதான் கம்பி போகிறது. சாரத்துக்கும் கம்பிக்கும் பத்தடியாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து வழி செய்த பிறகுதான் சாரம். 20 அடி பைப்பை நிமிர்த்தித் தூக்கும்போது மேலே பார்க்க ஒருவர் தனியாக நிற்கட்டும்.

7. ஹெல்மெட், பெல்ட்

ஐ.எஸ். 2925 முத்திரை உள்ள ஹெல்மெட், தாடைப் பட்டையோடு. பெல்ட் என்றால் இடுப்பு பெல்ட் இல்லை. தோளும் தொடையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் பெல்ட், ஐ.எஸ். 3521.

பெல்ட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவள் நான். விழுபவரைப் பெல்ட் பிடித்து நிறுத்தக் கீழே எவ்வளவு உயரம் வேண்டும் என்று சித்தி மகன் கணக்கு போட்டுக் காட்டினான். ஆறடிக் கயிறு, அதிர்ச்சியைத் தாங்க அது விரியும் மூன்றரை அடி, பெல்ட்டின் முதுகு வளையத்துக்குக் கீழே தொங்கும் உடம்பு ஐந்தடி, கொஞ்சம் இடம் மிச்சம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 18 அடி. காலடியில் கொக்கி மாட்டினால் இன்னும் கூடும். பத்தடி உயரச் சாரத்தில் இருந்து விழுபவரை அந்தக் கயிறு இழுத்துப் பிடிக்கும் முன்பே அவர் தரையைத் தொட்டுவிடுவார். அதனால் நம் வீடுகளுக்கு முதலில் கைப்பிடியும் பலகையும்தான். பெல்ட் மாட்டும்போது கயிறு குட்டையாக, தலைக்கு மேலே, தூணிலோ பீமிலோ மாட்டுங்கள். சாரத்தின் கைப்பிடியில் மாட்டாதீர்கள்.

8. காலையில் பத்து நிமிடம்

யாரும் ஏறுவதற்கு முன் மேஸ்திரியும் நீங்களும் ஒரு சுற்று வாருங்கள். பலகைக்கு அடியில் மண் விலகியிருக்கிறதா, பூட்டு ஊசி இருக்கிறதா, சிவப்பு பைப் எல்லாம் இருக்கிறதா, நேற்று யாராவது பலகையை எடுத்துப் போனார்களா. மழைக்குப் பிறகு கம்பிக் குத்தல் மறுபடியும். ஆடிக் காற்றில் வேலை வேண்டாம். சரியாக இருந்தால் ஏணியில் பச்சைத் துணி கட்டுவோம், துணி இல்லாவிட்டால் யாரும் ஏறமாட்டார்கள்.

யாராவது விழுந்துவிட்டால் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள், முதுகெலும்பில் அடி இருக்கலாம். 108ஐக் கூப்பிட்டு, அவர்கள் வரும்வரை கிடக்கிற நிலையிலேயே அசைக்காமல் விடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுக் குடியாத்தத்தில் இருந்து ஒருவர், தன் மனை பாறை மேல் இருப்பதால் மண் பிரச்சினை இல்லைதானே என்று கேட்டார். பாறையில் கால் இறங்காது, ஆனால் வழுக்கும். சரிவான பாறையில் துளை போட்டுக் கம்பி அடித்து, தட்டு நகராமல் நிறுத்துங்கள்.

சம்ப் மூடி, கழிவுநீர்த் தொட்டி மூடி மேல் கால் வைக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது. இரண்டு பக்கமும் கெட்டி மண்ணில் கால் நிற்கும்படி ஃபிரேமைத் தள்ளி வையுங்கள்.

தூசிக்காகப் பச்சை வலை கட்டியவர் ஒருவர், காற்றில் சாரமே ஆடியது என்று எழுதியிருந்தார். வலையும் தார்ப்பாயும் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். வலை வேண்டுமென்றால் சுவர்க் கட்டுகளைக் கூட்டுங்கள். மழை மேகம் கூடினால் தார்ப்பாயை இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, பிரிக்கும் நாள். வேலை முடிந்த அவசரத்தில் கட்டுகளை எல்லாம் முதலில் அவிழ்த்துவிட்டார்கள் என்று வாலாஜாவில் இருந்து ஒரு அக்கா எழுதினார். மேல் வரிசையை இறக்கிய பிறகுதான் அதற்குக் கீழே உள்ள கட்டை அவிழ்க்க வேண்டும். பைப்பைத் தூக்கிப் போடாமல் கயிற்றில் கட்டி இறக்குங்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரமாக இருந்தால், முடியும் வரை தெருவில் ஒருவரை நிறுத்திவையுங்கள்.