யாரிடம் போய்க் கேட்டாய்? பள்ளியில் தொழில்நுட்பப் போட்டி நடத்தும் முறை

முதல் ஆண்டு நான் நடத்தியதைப் போட்டி என்று சொல்வதே தவறு. 'வீட்டிலிருந்து ஒரு தொழில்நுட்ப மாதிரி செய்து கொண்டுவாருங்கள்' என்று சுற்றறிக்கை விட்டேன். முப்பத்தொரு மாதிரிகள் வந்தன. அவற்றில் ஒன்பது, டவுனில் ஒரே கடையில் காசு கொடுத்து வாங்கியவை. ஒன்பதிலும் அதே பச்சைத் தெர்மாகோல், அதே காற்றாலை, அதே எழுத்துப்பிழை. முதல் பரிசு வாங்கியவனிடம் "இந்த ஒயர் எங்கே போகிறது?" என்று கேட்டேன். "அதை அந்த அண்ணன்தான் மாட்டினார் மிஸ்" என்றான். பரிசைக் கொடுத்த பிறகு இதைக் கேட்டது என் புத்திசாலித்தனம்.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணினி ஆய்வகம் என் பொறுப்பில் இருக்கிறது. பத்துக் கணினிகளில் எட்டு ஓடும். இந்த எட்டை வைத்துக்கொண்டு நான்கு ஆண்டுகளில் நாங்கள் கண்டுபிடித்த முறையைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் பள்ளியில் இருபது ஓடினால் எண்களைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தேதி

பரிசளிப்பு நாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் நூற்பாலையில் ஷிப்டு பார்க்கிறார்கள். வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு விழா வைத்தால் யாரும் வரமாட்டார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று சொல்ல நமக்கும் வாய் வராது. ஆகஸ்ட் 15 அன்று ஆலைக்கு விடுமுறை. கொடியேற்றத்துக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், கிராமசபைக்காக ஊராட்சியைப் பார்ப்பவர்களும் ஊரில்தான் இருப்பார்கள். அதனால் பரிசளிப்பு அன்றைக்கு; போட்டி ஜூலைக் கடைசி வாரம். ஆடிப்பெருக்கு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், வகுப்பில் பாதி இருக்காது. அக்டோபருக்குப் பிறகு மழை விடுமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜனவரியில் திருப்புதல் தேர்வு. பத்தாம் வகுப்பை எந்த மாதமும் எந்தத் தலைமையாசிரியரும் விடமாட்டார். நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன். ஆறு முதல் ஒன்பது வரைதான் எங்கள் போட்டி.

கணினியே இல்லாத முதல் சுற்று

212 பிள்ளைகள், எட்டுக் கணினிகள். ஆகவே முதல் சுற்று தாளில். லித்துவேனியாவில் 2004-இல் தொடங்கிய பெப்ராஸ் என்ற போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதன் கேள்விகளுக்குக் கணினிப் பாடம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, யோசிக்கத் தெரிந்தால் போதும். நான் அந்தப் பாணியை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்விகளை நானே எழுதுகிறேன். நம் கணக்குப் புத்தகத்தில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயல் இருக்கிறதே, பலர் கடைசி வாரத்தில் அவசரமாக ஓட்டிவிடுவது, அதிலிருந்தும் விதை கிடைக்கும். ஒரு கேள்வி காட்டுகிறேன்:

ரேஷன் கடை வரிசையில் நான்கு பேர் நிற்கிறார்கள். டோக்கன் எண்கள் முன்னிருந்து 4, 2, 1, 3. பக்கத்தில் நிற்பவருடன் மட்டுமே இடம் மாறிக்கொள்ளலாம். 1, 2, 3, 4 என்று நிற்கக் குறைந்தது எத்தனை முறை மாற வேண்டும்?

விடை நான்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை வராந்தாவில் நிற்க வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு சூத்திரம் தேடியது.

பன்னிரண்டு கேள்விகள், நாற்பது நிமிடம். இதிலிருந்து 48 பேரை எடுக்க வேண்டும். இங்கே ஒரு விசித்திரமான விதி வைத்திருக்கிறோம்: 24 பேர் மதிப்பெண்படி, மற்ற 24 பேர் குலுக்கல்படி. சக ஆசிரியர்கள் சண்டை போட்டார்கள். 'உழைத்தவனுக்கு என்ன மரியாதை?' என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பெண்படி மட்டும் எடுத்த இரண்டாம் ஆண்டில் வந்த முகங்கள், எல்லாப் போட்டிக்கும் வரும் அதே முகங்கள். குலுக்கலை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

குழுவும் மணியும்

மூவர் மூவராகப் பதினாறு குழுக்கள். வகுப்பு கலந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை அணிகளாகப் பிரிக்கும் மகிழ் முற்றத்தின் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைப் பிரிவுகளும் கலந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கபடி மைதானம் போல ஆரவாரம் தொடங்கிவிடும். நண்பர்கள் சேர்ந்து குழு அமைக்க விடாதீர்கள், சீட்டுப் போடுங்கள்.

குழுவுக்குள் மூன்று வேலைகள்: கையால் செய்பவர், திட்டம் சொல்பவர், குறிப்பேடு எழுதுபவர். முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்து வேலையை மாற்றுங்கள். இந்த மணி இல்லாத ஆண்டில் பதினாறு குழுக்களில் பதினொன்றில் குறிப்பேடு ஒரு பெண் பிள்ளையின் கையில் இருந்தது. 'அவள் கையெழுத்து அழகாக இருக்கும் மிஸ்' என்பது எல்லாரும் சொன்ன காரணம். மணி அடித்தால் இந்தக் காரணம் செல்லாது.

எட்டுக் குழுக்கள் கணினியில், எட்டுக் குழுக்கள் ஒயரில். ஒன்றரை மணி நேரம் கழித்து இடமாற்றம்.

கணினியில் ஸ்கிராட்ச்; கட்டளை எழுதிய கட்டைகளைத் திரையில் அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள் இது. இணையத்தை நம்பாதீர்கள், இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பை ஒரு வாரம் முன்பே எல்லாவற்றிலும் நிறுவி, ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கட்டளைக் கட்டைகளின் பெயருக்கு எதிரே தமிழ்ப் பொருள் எழுதிய ஒரு அட்டையைச் சுவரில் ஒட்டுங்கள். தலைப்பு பள்ளிக்குள்ளிருந்தே வர வேண்டும். போன ஆண்டு கொடுத்தது இது: காலையில் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை முட்டை என்று சத்துணவு அமைப்பாளருக்குச் சொல்ல வேண்டும், எண்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்லும் நிரலை எழுதுங்கள். எளிதாகத் தெரியும். யாராவது 'முப்பது' என்று எழுத்தில் அடித்தால்? வகுப்பின் மொத்த எண்ணிக்கையைவிட அதிகமாகச் சொன்னால்? பிள்ளைகள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும்.

மின்சாரம் போகும். எங்கள் யூபிஎஸ் ஐந்து நிமிடம் தாங்கும். ஆகவே பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'சேமியுங்கள்' என்று ஒருவர் கத்த வேண்டும்; அதற்கென்றே உடற்கல்வி ஆசிரியரை அழைத்து வைத்திருக்கிறோம். கோப்பின் பெயர் குழு எண் மட்டுமே. 'பைனல்', 'பைனல் புதுசு', 'இதுதான் பைனல்' என்று எட்டுக் கோப்புகளைத் திறந்து பார்த்த மாலை எனக்கு மறக்காது. கோப்புகளை எடுக்க ஒரே ஒரு பென் டிரைவ், அதுவும் உங்களுடையது.

ஒயர்ப் பக்கம் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம். பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, ஒரு கிலோ ஓம் மின்தடை, பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு பிளாஸ்டிக் வாளி. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு கம்பி தொட்டிக்குள். பக்கத்தில் தொடாமல் இன்னொரு கம்பி. அது மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர்). பஸ்ஸர் நேர்முனைக்கும் கலெக்டருக்கும் நடுவில், எமிட்டர் எதிர்முனைக்கு. தண்ணீர் இரண்டு கம்பியையும் தொட்டதும் அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டமே டிரான்சிஸ்டரைத் திறக்கப் போதும். சால்டரிங் வேண்டாம், திருகு கனெக்டரும் இன்சுலேஷன் டேப்பும் போதும். சுற்றுப்படத்தைக் கொடுத்துவிடுகிறோம், ஆனால் வேண்டுமென்றே அதில் ஒரு தவறு இருக்கும். அது எது என்பது குறிப்பேட்டில் வர வேண்டும்.

இனி இந்தப் போட்டியின் முக்கியமான விதி. அடுத்த குழுவிடம் போய்ச் சந்தேகம் கேட்கலாம். கேட்டாலும் சொல்லிக்கொடுத்தாலும் மதிப்பெண் குறையாது. ஆனால் அடுத்தவர் விசைப்பலகையையோ கம்பியையோ தொடக் கூடாது. வாயால் மட்டும் சொல்ல வேண்டும்.

நடுவர்கள்

ஒரு கல்லூரியிலிருந்து ஒருவரை அழைத்தோம். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்து நாற்பது நிமிடம் பேசினார்; பிள்ளைகள் செய்ததைப் பார்க்க அவருக்கு ஆறு நிமிடம் மிஞ்சியது. இப்போது எங்கள் நடுவர்கள் மூவர்: பாலிடெக்னிக் படிக்கும் பழைய மாணவி, சத்துணவு அமைப்பாளர், கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். சத்துணவு அமைப்பாளர் நிரலைப் பார்க்கமாட்டார். உட்கார்ந்து தன் வழக்கப்படி எண்களை அடிப்பார், தப்பாகவும் அடிப்பார். நிரல் திணறினால் உதட்டைப் பிதுக்குவார். அதைவிடத் தெளிவான மதிப்பீடு இல்லை.

காயில் கட்டுபவர் ஓர் அலாரத்தைக் கையில் எடுத்து, "எல்லாம் சரி பாப்பா, ஆறு மாதம் தண்ணீரில் கிடந்தால் செம்பில் களிம்பு ஏறுமே, அப்போது கத்துமா?" என்று கேட்டார். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை யோசித்துவிட்டு, "கம்பியின் முனையில் எவர்சில்வர் கரண்டியைக் கட்டிவிடலாம்" என்றது. அந்தக் குழுவுக்குத்தான் பரிசு.

மதிப்பெண் நூறு: வேலை செய்கிறதா 40, விளக்கத் தெரிகிறதா 20, குறிப்பேடு 20, தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்தார்களா 20. குழுவில் யாரிடம் கேள்வி கேட்பது என்பதை நடுவர் தீர்மானிக்க வேண்டும், குழு அல்ல.

தலைமைப் பண்பு என்ற சங்கடம்

பள்ளிகளில் 'சிறந்த மாணவத் தலைவர்' விருது யாருக்குப் போகும் என்று நமக்கெல்லாம் தெரியும். குரல் பெரிது, காலை வழிபாட்டில் உறுதிமொழி சொல்பவர், ஆசிரியரின் வண்டிச் சாவியை வாங்கி வருபவர். நானும் அப்படித்தான் மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வேலை முடிந்ததும், முடிவு அறிவிக்கும் முன், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கிறோம். இரண்டே கேள்விகள். திணறியபோது உன் குழுவுக்கு வெளியே யாரிடம் போய்க் கேட்டாய்? அவர் என்ன சொன்னார்? இரண்டாவது கேள்வி இல்லாமல் முதல் கேள்வியைக் கேட்காதீர்கள். இரண்டாம் கேள்வி சேர்க்காத ஆண்டில் ஐந்து பையன்கள் பேசி வைத்து ஒரே பெயரை எழுதினார்கள். காரணம் கேட்டபோது ஐவரும் 'அவன் நல்லவன் மிஸ்' என்றார்கள். நல்லவன்தான், ஆனால் அன்றைக்கு எழுந்தே போகவில்லை. குறிப்பிட்ட ஒரு செயல் இல்லாத சீட்டை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

அடுத்த ஆண்டு ஒரே பிள்ளைக்குப் பதினொரு சீட்டுகள் வந்தன. எட்டாம் வகுப்பு, குலுக்கலில் வந்தவள், தாளில் பன்னிரண்டுக்கு ஐந்து வாங்கியவள். அவள் குழு பரிசு வாங்கவில்லை. சீட்டுகளில் இருந்தது: 'பேட்டரியை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்றாள்', 'முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் கூட்டிப் பார் என்றாள்', 'அழாதே, அழித்துவிட்டு மறுபடி செய், நேரம் இருக்கிறது என்றாள்'. எட்டாண்டுகளாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன். அவள் குரலை நான் வகுப்பில் கேட்டதில்லை.

மூன்றோ அதற்கு மேலோ செல்லுபடியாகும் சீட்டுகள் வாங்கிய எல்லாரையும் பாராட்டுகிறோம். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. சான்றிதழில் 'சிறந்த தலைமைப் பண்புக்காக' என்று அச்சடிக்காதீர்கள். சீட்டில் இருந்த வாக்கியத்தையே எழுதுங்கள்: 'பேட்டரியை மாற்றிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னதற்காக.' தமிழில், தமிழ் முதலெழுத்தோடு, எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் பதிவில் உள்ளபடி பெயர். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டையும் போடுங்கள். உறையில் வைத்துக் கடிதம் அனுப்பாதீர்கள். அஞ்சலட்டையைத்தான் வழியில் நான்கு பேர் படிப்பார்கள்.

பாராட்டோடு ஒரு வேலையும் சேர வேண்டும். இவர்களுக்கு ஆறு வாரம் மதிய இடைவேளையில் ஆய்வகச் சாவி. ஆறாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் பொறுப்பு. சாவியைக் கொடுக்கத் தலைமையாசிரியர் தயங்குவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்கூட்டியே ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டால் தயக்கம் குறையும்.

செலவு

போன ஆண்டு 4,300 ரூபாய்க்குள் முடிந்தது. அலாரச் சாமான் எட்டு செட், வினாத்தாள் நகல், சுண்டலும் டீயும், சான்றிதழ். பரிசுக்கு, வோல்டேஜும் மின்னோட்டமும் அளக்கும் மல்டிமீட்டர்கள் ஆறு. கோப்பை வாங்காதீர்கள், அதே காசுக்கு மல்டிமீட்டர் வரும். நன்கொடை தருபவர் மேடையில் பேச வேண்டும் என்று கேட்டால், தொகை எவ்வளவு பெரியது என்று ஒரு முறை யோசித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

நல்ல யோசனை ஒன்று கிடைத்தால் பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு உதவும் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள். தேர்வாகும் யோசனைக்கு 10,000 ரூபாய் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். கணக்கு இருக்கிறதா என்று ஜூலையிலேயே பாருங்கள்; கடைசி நாளில் வங்கி வாசலில் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

எல்லாம் முடிந்ததும் பேட்டரிகளைக் கழற்றித் தனியாக வையுங்கள். நான் அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டியதில் நான்கு செட்டுகள் கசிந்து அரித்துப் போயின. இந்த ஆண்டு சாவி வைத்திருக்கும் பையன் எனக்கு முன்பே கழற்றி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டி, 'மிஸ் தொடக் கூடாது' என்று பெட்டியின் மேல் எழுதி வைத்திருக்கிறான்.