டைல்ஸ் மூடுவதற்கு முன்னால் ஒரு தரம் எட்டிப் பாருங்கள்

கீழ்வீட்டுப் பாட்டிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏறவே மாட்டார். அவர் ஒருநாள் காலையில் ஏறி வந்து என் கதவைத் தட்டி, "கொஞ்சம் கீழே வந்து பாரும்மா" என்றபோதே வயிற்றைப் பிசைந்தது. அவர் வீட்டுக் கூரையில் முறம் அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு. ஓரமெல்லாம் உப்பு பூத்து, சுண்ணாம்பு பொருக்குத் தட்டி நின்றது. அதற்கு நேர் மேலே என் குளியலறை. மேலே வந்து பார்த்தால் டைல்ஸ் பளிச்சென்று இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை.

அந்தத் திட்டைப் போக்க எனக்கு இரண்டு காண்ட்ராக்டரும் ஏழு மாதமும் ஆயின. முதல் ஆளுக்குக் கொடுத்தது அத்தனையும் தண்டம். இத்தனைக்கும் 26 வருடம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். அலுவலகத்தில் ஒரு பென்சில் வாங்கினாலும் ரசீது கேட்பேன். சொந்த வீட்டு வேலைக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டு எழுதாமல் பாதிப் பணத்தை முன்பணமாகத் தூக்கிக் கொடுத்தேன். அந்த ஆத்திரத்தில் 80 பக்க நோட்டு ஒன்று போட்டேன். கீழே இருப்பதெல்லாம் அதிலிருந்துதான்.

குளியலறை வேலையில் முக்கியமானது எதுவும் வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரியாது. குழாய் சுவருக்குள் போய்விடும், பூச்சு டைல்ஸுக்கு அடியில் போய்விடும். அதனால் மறைவதற்கு முன் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

முதலில் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

முதல் காண்ட்ராக்டர் கீழ்வீட்டுக்குப் போகவே இல்லை. வாசலில் நின்றபடி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "டைல்ஸ் பழசாயிடுச்சு மேடம், மாத்திட்டா சரியாயிடும், நான் பாத்துக்கறேன்" என்றார். டேப்பை எடுத்து அளக்காமல் விலை சொன்ன ஆளை அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன்.

இரண்டாவதாக வந்த மேஸ்திரி என் குளியலறைக்குள் காலே வைக்காமல், "அக்கா, முதல்ல கீழே போய்ப் பார்ப்போம்" என்றார். பாட்டியிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாட்டி, இது நாள் முழுக்கச் சொட்டுதா, இல்ல மேலே குளிச்ச பிறகு சொட்டுதா?"

பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. நல்ல தண்ணீர்க் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அதில் ஓட்டை என்றால் யாரும் குளிக்காவிட்டாலும் கசியும். கழிவுநீர்க் குழாயோ தளமோ கெட்டிருந்தால், தண்ணீர் புழங்கிய பிறகுதான் கசியும். பாட்டிக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அன்று இரவு குளியலறைக்கு வரும் வால்வை மூடிவைத்தோம். காலையில் சொட்டு நின்றிருக்கவில்லை, ஆனால் குறைந்திருந்தது. கான்கிரீட் குடித்த தண்ணீர் முழுக்க வடிய நாளாகும் என்பதால் இரண்டு நாள் அந்தக் குளியலறையையே பூட்டிவிட்டோம். நின்றுவிட்டது. பிறகு வால்வை மட்டும் திறந்து, யாரும் உள்ளே போகாமல் ஒருநாள் விட்டோம். சொட்டவில்லை. குழாய் குற்றவாளி இல்லை என்று ஆனது.

தண்ணீர் மீட்டர் தனியாக இருந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது.

கடைசியாக, மேஸ்திரி தரையில் தண்ணீர் போகும் வாயை அடைத்து, சாயப்பொடி கலந்த தண்ணீரைத் தேக்கினார். மறுநாள் பாட்டி வீட்டுக் கூரையில் இளஞ்சிவப்பு. தளத்தில்தான் கோளாறு.

டைல்ஸை மாற்றியும் ஏன் ஆறே வாரத்தில் மறுபடி ஒழுகியது என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமென்ட் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உள்ளே விடும். டைல்ஸ் அழகுக்கும் கழுவுவதற்கும்தான். தண்ணீரைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு. முதல் ஆள் அதைத் தொடவே இல்லை. ஓட்டைக் குடைக்குப் புதுப் பிடி போட்ட கதை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

நேற்று முடித்த வேலையைக் காட்டினால் பார்க்காதீர்கள். புது வேலை எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஒரு வருடம் முன்னால் முடித்ததைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் "நல்லா செய்தாரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "முடிச்சுப் பணம் வாங்கின பிறகு கூப்பிட்டால் வந்தாரா?" என்று கேளுங்கள். முகமே பதில் சொல்லிவிடும். எங்கள் மேஸ்திரியை இப்படித்தான் மூன்றாவது மாடிக்காரர் மூலம் பிடித்தேன். அந்த வீட்டில் ஒரு குழாய் முனை கழன்றதற்கு எட்டு மாதம் கழித்துக்கூட வந்து மாட்டிக் கொடுத்தாராம்.

எழுதி வாங்குவது

முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். ஒரு பக்கம் போதும், இரண்டு பேர் கையெழுத்து. ஆனால் "பாத்ரூம் வேலை, மொத்தம் இவ்வளவு" என்று ஒற்றை வரியில் எழுதினால் எழுதாத மாதிரிதான். தரை எத்தனை சதுர அடி, சுவர் எத்தனை சதுர அடி, கதவு ஜன்னல் இடத்தைக் கழித்ததா கழிக்காததா? பழையதைக் கொத்தி எடுப்பது கூலிக்குள் வருமா? உடைத்ததை மூட்டை கட்டிக் கீழே இறக்குவது யார், வண்டி பிடித்து அப்புறப்படுத்துவது யார்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் முதல்முறை கேட்கவில்லை. 34 மூட்டை உடைசல் பதினொரு நாள் என் வாசலில் கிடந்தது. காண்ட்ராக்டரும் அந்தப் பதினொரு நாளாக ஆளைக் காணோம். எதிர்வீட்டுக்காரர் தினமும் அந்த மூட்டைகளைத் தாண்டித்தான் வேலைக்குப் போனார். எதுவும் சொல்லவில்லை, ஆனால் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காதீர்கள், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். "வெள்ளிக்கிழமை இவ்வளவு" என்றால் வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இரண்டாம் முறை நான் பிரித்தது இப்படி: ஆரம்பத்தில் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும். உடைத்து, மூட்டை எல்லாம் வெளியே போனதும் ஒரு பங்கு. தண்ணீர் தேக்கும் சோதனை தேறியதும் பெரிய பங்கு. டைல்ஸ் முடிந்ததும் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கைக் கடைசிவரை கையில் நிறுத்திக்கொண்டேன். அது எப்போது கிடைக்கும் என்பதையும் எழுதினோம்: கீழ்வீட்டுக் கூரை காய்ந்த பிறகு. மேஸ்திரி அதைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார். "சரிக்கா, நியாயம்தான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நடுவில் "இதையும் சேர்த்துச் செஞ்சுடலாமே" என்று ஒன்று கட்டாயம் வரும். எனக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்கு வந்தது. செய்யலாம், தப்பில்லை. செய்வதற்கு முன் அதே தாளில் ஒரு வரி, அதற்குத் தனி விலை. முடிந்த பிறகு பேசினால் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு.

பொருள் வாங்குவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டைல்ஸ் தேவைக்கு மேல் 10 சதவீதம் வாங்குங்கள், வெட்டுவதிலும் உடைவதிலும் போகும். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் லேசாக மாறும். மிஞ்சியதைத் தூக்கிப் போடாதீர்கள். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும், மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால் திருப்பிக் கொடுங்கள். இறுகிப்போன கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறுவதைப் பார்த்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், அதற்குப் பலம் இருக்காது.

அக்கம்பக்கம்

தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். எந்தத் தேதி முதல், எத்தனை நாள், கொத்துகிற நாள்கள் எவை, தண்ணீர் எப்போது நிற்கும், என் போன் எண். போனதில் இரண்டு விஷயம் தெரிந்தது. பக்கத்து வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை, பகல் இரண்டு மணிக்குத் தூங்கும். மேல்வீட்டுப் பையனுக்குப் பரீட்சை. டிரில்லிங், கொத்தல் எல்லாம் காலை பத்திலிருந்து ஒரு மணிவரை மட்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். மத்தியானம் சத்தமில்லாத வேலை. வேலை ஒன்றரை நாள் கூடுதலாக இழுத்தது, போகட்டும்.

லிஃப்ட்டின் உள்சுவருக்கும் தரைக்கும் பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டினோம். தினமும் சாயங்காலம் படிக்கட்டைப் பெருக்குவதும் ஒப்பந்தத்தில் ஒரு வரி.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். உடைக்க ஆரம்பிக்கும் முன் கீழ்வீட்டுக் கூரையையும் சுவர்களையும், வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போட்டோ எடுங்கள். எடுத்ததை அவருக்கும் அனுப்புங்கள். கொத்தும் அதிர்வில் புதிதாக விரிசல் விட்டால் அது உங்கள் பொறுப்பு, ஏற்கெனவே இருந்தது என்றால் இல்லை. பாட்டி வீட்டில் ஜன்னல் மூலையில் ஒரு பழைய விரிசல் இருந்தது. மூன்றாம் நாள் அவர் மகன் வந்து அதைக் காட்டிக் குரலை உயர்த்தினார். பாட்டியே போட்டோவைக் காட்டி, "இது உன் கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்குடா" என்று முடித்துவிட்டார்.

மூடுவதற்கு முன்

விடுப்பு எடுப்பதாக இருந்தால் இந்த நாள்களில் எடுங்கள். டைல்ஸ் ஒட்டும் நாளில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், வாய்களை அடைத்துப் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றச் சொல்லுங்கள். அழுத்தம் காட்டும் மானியின் முள் இரண்டு மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். அப்போதே டேப்பை விரித்துப் பிடித்து, குழாய் ஒவ்வொன்றும் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று தெரியும்படி படம் எடுங்கள். பின்னால் துண்டு மாட்டும் கம்பிக்கு ஆணி அடிக்கும் நாளில் அந்தப் படம் உங்களைக் காப்பாற்றும்.

அப்புறம் வாட்டம். தண்ணீர் வடிகிற வாயை நோக்கி ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருக்கட்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், தெரியாவிட்டால் ஒரு குவளைத் தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றுங்கள். எங்காவது தேங்கினால் இப்போதே சரிசெய்ய வேண்டும். டைல்ஸ் போட்ட பிறகு வாட்டம் சரியில்லை என்று சொன்னால், "வைப்பர் போட்டுத் தள்ளிடுங்க" என்பார்கள்.

வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட். முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். நடுவில் எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டப்பாவிலேயே இருக்கும், அவசரப்பட விடாதீர்கள். பூச்சு தரையோடு நின்றுவிடக் கூடாது. சுவரில் ஓர் அடியாவது ஏற வேண்டும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. தரையும் சுவரும் சேரும் முக்கிலும் குழாய் வெளியே வரும் இடத்திலும் வலைப்பட்டை வைத்து அதன்மேல் பூச வேண்டும். நானே டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். கழிவுக் குழாயைச் சுற்றி ஓர் இடத்தில் தூரிகை படவே இல்லை. மேஸ்திரியே அசந்துபோனார்.

பூச்சு நன்றாகக் காய்ந்ததும் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, சுவரில் மட்டத்துக்குப் பென்சில் கோடு போட்டோம். 48 மணி நேரம். காலையும் மாலையும் நான் மேலே கோட்டைப் பார்ப்பேன், பாட்டி கீழே கூரையைப் பார்ப்பார். பிறகு போனில் பேசிக்கொள்வோம். தண்ணீர் இம்மி இறங்கியது, அது ஆவியானது. கீழே புதிதாக ஒரு சொட்டும் இல்லை. மேஸ்திரிக்குப் பெரிய பங்கு அன்று கைமாறியது.

டைல்ஸ் ஒட்டிய மறுநாள் ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்லது. பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை பரவவில்லை, நாலு மூலையில் உருண்டை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு ஐந்து அகப்பட்டன. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள்.

கீழ்வீட்டுக் கூரைக்கு உடனே பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மகன் அவசரப்பட்டார். ஈரத்தின்மேல் அடித்தால் மறுபடி உரியும். ஏணி வைத்து, திட்டின் ஓரத்தில் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி எழுதினேன். வாரம் ஒரு தடவை ஏறி, சுருங்கிய அளவுக்கு உள்ளே இன்னொரு கோடு. முறம் அளவு திட்டு தட்டாகி, உள்ளங்கையாகி, ஒன்பதாவது வாரம் வரைவதற்கு எதுவும் இல்லை. உப்பைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தோம்.

அந்த ஒன்பது வாரமும் மேஸ்திரி போன் செய்தால் என்னிடம் பணம் கேட்க மாட்டார். "பாட்டி என்ன சொல்றாங்க அக்கா?" என்றுதான் கேட்பார். கடைசிப் பங்கை வாங்க வந்தவர் என் வீட்டுக்கு வருவதற்கு முன் கீழே நின்று, பாட்டியோடு சேர்ந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார்.