தவக்காலத் தர்மம்: காசோடு கொஞ்சம் கவனமும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் பலரும் இறைச்சியை விடுகிறோம், கோப்பிக்கடையில் தே தாரிக்கை விடுகிறோம். சரி, அதில் மிச்சமான வெள்ளி எங்கே போகிறது? பர்ஸிலேயே கிடந்தால் அது ஒறுத்தல் இல்லை, சேமிப்பு. அன்றன்றே ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் அறப்பணி அமைப்பான காரித்தாஸ் சிங்கப்பூர் இக்காலத்தில் நிதி திரட்டும்போது கோவிலில் தரும் உறைக்குள் அதை அப்படியே வைக்கலாம்.

பொருளாகக் கொடுப்பவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்குப் பத்து கிலோ அரிசி மூட்டை எதற்கு? தூக்கவே முடியாது. இரண்டு கிலோ பை போதும். டின் உணவென்றால் வளையத்தை இழுத்துத் திறக்கிற வகையாக வாங்குங்கள். நடுங்கும் கைக்கு டின் வெட்டி ஆகாது. சர்க்கரை நோய் இருக்கிறதா, ஹலால் வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். காலாவதித் தேதி நெருங்கியதைத் தள்ளிவிடுவதற்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள்!

யாருக்குத் தேவை என்று தெரியாவிட்டால், உங்கள் பங்குக் கோவிலில் உள்ள, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரைக் கேட்கலாம். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

கையில் காசு இல்லையா? வறியவர்களுக்கு இலவசமாக உணவு சமைத்துக் கொடுக்கும் ‘வில்லிங் ஹார்ட்ஸ்’ சமையற்கூடத்தில் காய் நறுக்க ஆள் வேண்டும். அப்புறம், புளோக்கில் தினமும் பார்க்கும் வெளிநாட்டுத் துப்புரவு ஊழியர் தமிழ் பேசுபவராக இருந்தால், நின்று பத்து நிமிடம் ஊர்க்கதை பேசுங்கள். அதற்கு உறையும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.