மாடல் டி சக்கரம் வாங்கும்போது மூடியைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரத்தை விற்க வருபவர் முதலில் காட்டுவது நடுவில் பளபளக்கும் மூடியைத்தான். எனக்கு அது கடைசி. திருகிக் கழற்றி எந்தச் சக்கரத்திலும் மாட்டிவிடலாம், அதற்கு என்ன சாட்சி மதிப்பு?

முதலில் டேப்பை எடுங்கள். அமெரிக்காவில் செய்த வண்டிகளில் தொடக்க காலத்து முன் டயர் 30×3, பின் டயர் 30×3½. எல்லாம் அங்குலக் கணக்கு. இதில் 30 என்பது டயரின் வெளிவிட்டம், ரிம் அளவு அல்ல; அடுத்த எண் டயரின் கனம். இரு பக்கமும் டயரின் கனத்தைக் கழித்தால் முன் ரிம் 24 அங்குலம், பின் ரிம் 23. விளிம்பின் உதட்டை அளக்காதீர்கள், டயர் உட்காரும் இடத்தை அளக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

ரிம் தனியாகக் கழன்று வந்தால், நான்கு போல்ட்டில் பிடிக்கும் வகையென்றால், 1919-ல் வந்த ஏற்பாடு அது. 21 அங்குலக் கம்பிச் சக்கரம் 1926-லிருந்துதான். ஆனால் ஃபோர்டின் அடுத்த காரான மாடல் ஏ-வும் 1928, 29-ல் அதே 21 என்பதால் அளவை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

அப்புறம் குடம், அதாவது சக்கரத்தின் நடுவே அச்சு நுழையும் பகுதி. உள்ளே கூம்பாகக் குறுகி, சாவி (சக்கரத்தை அச்சோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) உட்காரும் பள்ளம் இருந்தால் பின் சக்கரம். பிரேக் டிரம்மும் அதில்தான் இருக்கும், மாடல் டி-யில் முன் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது. பேரிங் கிண்ணம் உட்காரும் குடம் முன்பக்கத்துடையது.

ஆரக்கால் பன்னிரண்டு. அசல் மரம் ஹிக்கரி, நம் ஊரில் விளையாதது. உள்ளூர்த் தச்சர் மாற்றிக் கொடுத்த ஆரக்கால் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். குடமும் ரிம்மும் அசல் என்றால் நான் விடமாட்டேன். மரம் மறுபடி செய்துகொள்ளலாம்.

சரி, இப்போது மூடி. காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பு, மேலே இருப்பது வெறும் பூச்சு. ஒட்டாவிட்டாலும் பழைய பித்தளை மூடி என்று அவசரப்பட வேண்டாம். 1917-லிருந்து நிக்கல் பூசிய மூடிதான் வந்தது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பழைய பித்தளை மூடி என்று விற்பவர்கள் உண்டு. எழுத்துகளின் இடுக்கில் வெள்ளி நிறம் ஒளிந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

மூடியில் ‘மேட் இன் கனடா’ என்றிருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளுக்கு வண்டி அனுப்பியது ஃபோர்டின் கனடா கம்பெனி. இந்தியாவிலோ இலங்கையிலோ ஓடிய வண்டி என்று சொல்லி அமெரிக்க மூடியைக் காட்டினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.