இளைப்பு உள்ளவர்களுக்குச் சென்னையில் நடைப்பயிற்சி

இளைப்பு, அதாவது ஆஸ்துமா, இருப்பவர் நடந்தால் இன்னும் இளைக்கும் என்று சொல்லி, நடைக்குக் கிளம்புபவரை வாசலிலேயே நிறுத்திவிடும் வீடுகள் இன்றும் உண்டு. நோய் கட்டுக்குள் இருக்கும்வரை அந்த அச்சம் தேவையில்லை. வாரத்தில் பல நாள் நடந்து பழகியவர், முன்பு மூச்சு வாங்கிய அதே தூரத்தை எளிதாகக் கடப்பதைத் தாமே உணர்வார். ஆனால், இருமலால் இரவுத் தூக்கம் கலைந்தாலோ, உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டாலோ, நோய் கட்டுக்குள் இல்லை என்றே கொள்ள வேண்டும். அந்நிலையில் முதலில் மருத்துவரைப் பார்த்து, அன்றாடம் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தைச் சீர்செய்துகொண்ட பிறகே நடையைத் தொடங்குவது நல்லது.

சென்னைவாசிகள் எவ்வளவு தூரம் நடப்பது என்று யோசிப்பதற்கு முன்பாக, எந்த நேரத்தில் நடப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். விடியற்காலைக் காற்று தூய்மையானது என்ற நம் நெடுநாள் நம்பிக்கை மார்கழியிலும் தையிலும் பொய்த்துப் போகிறது. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமர்ந்துவிடுவதால், வாகனப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலெழ வழியின்றி நம் மூக்கின் உயரத்திலேயே தேங்கி நிற்கின்றன. 2018ஆம் ஆண்டு போகியன்று விமானப் போக்குவரத்தே தடைபடும் அளவுக்கு நகரில் புகைமூட்டம் கவிந்தது பலருக்கு நினைவிருக்கும். போகியன்றும், தீபாவளியன்றும் அதன் மறுநாள் காலையிலும் வெளியே போகாமல் வீட்டுக்குள் நடப்பதே சரி. மற்ற பனிக்கால நாட்களில், வெயில் ஏறி மூட்டம் கலைந்த பின் கிளம்பலாம். கோடையில், கடற்காற்று வீசத் தொடங்கிய பின்னர் பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலை நடை இதமாக இருக்கும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற இடங்களின் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். 100 வரை பெரும்பாலோர்க்கு இடையூறு இராது. 101 முதல் 200 வரையிலான நிலைக்கு ‘மிதமானது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கண்டு ஏமாந்துவிட வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரக்கூடும் என்று வாரியமே சொல்லும் நிலை அது. 200ஐத் தாண்டிய நாளில் நடையைத் தள்ளிவைத்துவிடலாம்.

வேகமாக நடக்கும்போது வாய்வழியாக மூச்சு வாங்குகிறோம். மூக்கின் வழியே போனால் சூடும் ஈரமும் ஏறியிருக்கும் காற்று, வாய்வழியே வறண்டபடி உள்ளே போய் மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சுவதால், அதைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. ஆகவே முதல் பத்து நிமிடம் கடைக்குப் போவதுபோல் மெதுவாக நடந்து, பிறகு படிப்படியாக வேகத்தைக் கூட்ட வேண்டும். முடிக்கும்போதும் அப்படியே குறைக்க வேண்டும். நடையை நிறுத்திய சில நிமிடங்களில்தான் பலருக்கு நெஞ்சு இறுகும் என்பதால், முடித்தவுடன் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போய்விடாமல் சற்று உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு. நடந்தாலே இரைப்பு வருகிறவர்களுக்கு, கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பாக சால்பூட்டமால் போன்ற உடனடி நிவாரண இன்ஹேலரை எடுக்கும்படி மருத்துவர் சொல்வதுண்டு. அவரைக் கேட்காமல் தாமாகத் தொடங்கக் கூடாது.

பாதை வளையமாக இருக்கட்டும். நாகேஸ்வர ராவ் பூங்கா போன்ற ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி வருபவர் எந்த நொடியிலும் நிறுத்திக்கொள்ளலாம். நேர்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் போனவர் அதே மூன்று கிலோமீட்டரைத் திரும்பக் கடக்க வேண்டும். கடற்கரையில் உலர்ந்த மணலில் கால் புதைவதால் உழைப்பு கூடுகிறது, அலை நனைத்த இறுகிய மணலில் நடப்பது மேல். தெரு கூட்டும் நேரத்தையும், சருகு எரிக்கும் மூலைகளையும், பார்த்தீனியம் பூத்த காலி மனைகளையும் தவிர்க்க வேண்டும். கூட வருபவருடன் தடையின்றிப் பேச முடியும் வேகமே போதுமானது.

நெஞ்சு இறுகினால் உடனே நிற்க வேண்டும். படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து, சால்பூட்டமால் வைத்திருப்பவர் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை இடைவெளி விட்டு ஒவ்வொரு பஃப்பாக, பத்து வரை எடுக்கலாம். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழல் இருந்தால் மருந்து தொண்டையில் படிந்துவிடாமல் நுரையீரலுக்குக் கூடுதலாகச் சேரும். வேறு வகை இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் தமக்கான அளவை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பத்துக்குப் பிறகும் தணியவில்லை என்றாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் இன்ஹேலர் கையில் இருக்க வேண்டும். ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டி அதற்கான இடமில்லை. 30 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும் குப்பி, சித்திரை வெயிலில் அங்கே கொதித்துக்கொண்டிருக்கும்.