சீனியர் போர்ட்ரெயிட்: கேமரா முன் நிற்பதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள்

அமெரிக்கப் பள்ளியில் 12-ஆம் வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், 11-ஆம் வகுப்பு முடியும் சமயத்தில் ஒரு மின்னஞ்சல் வரும்: சீனியர் போர்ட்ரெயிட்டுக்கு, அதாவது 12-ஆம் வகுப்பு மாணவரைத் தனியாக எடுக்கும் படத்துக்கு, நேரம் குறித்துக்கொள்ளுங்கள் என்று. நம் ஊரில் படித்து வந்த பெற்றோர் இதை வகுப்பு குரூப் ஃபோட்டோ மாதிரி நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. இயர்புக்கில் (பள்ளியின் ஆண்டு மலரில்) அச்சாவதும், பட்டமளிப்பு அறிவிப்பு அட்டையில் போவதும், பாட்டி வீட்டுச் சுவரில் மாட்டுவதும் இந்தப் படம்தான். கெட்டுப்போகிற படங்களை எடுத்துப் பார்த்தால், முந்தைய இரண்டு வாரத்தில் செய்யாமல் விட்ட ஏதோ ஒரு சின்ன வேலைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

1. முதலில் பள்ளியைக் கேளுங்கள்

இதில் இரண்டு வேறு படங்கள் இருக்கின்றன. ஒன்று இயர்புக்குக்கான முறையான படம். மற்றொன்று பூங்காவிலோ ஊருக்குள்ளோ பிள்ளையின் விருப்பப்படி எடுக்கும் படங்கள். பல பள்ளிகள் தாங்கள் ஒப்பந்தம் போட்ட ஸ்டூடியோ எடுத்த படத்தை மட்டுமே இயர்புக்கில் சேர்க்கும். சில பள்ளிகள் வெளியே எடுத்ததையும் ஏற்கும். ஆனால் பின்னணி நிறம், தலையின் அளவு, நிற்கும் விதம் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கும். ஆகவே மூன்று கேள்விகள்: வெளிப்படம் ஏற்பீர்களா, அளவு என்ன, கடைசித் தேதி எது? கடைசித் தேதி பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வரும். படம் எடுத்த பிறகு தேர்வு செய்ய, திருத்த, அனுப்ப என்று சில வாரங்கள் போகும். அதனால் ஜூன் முதல் செப்டம்பருக்குள் எடுத்துவிடுவது நல்லது.

டெக்சாஸில் ப்ளூபானட் பூக்களுக்கு நடுவே எடுக்க ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: அவை மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும்தான் பூக்கும். அதற்குள் இயர்புக் தேதி போயிருக்கும். முறையான படத்தை முன்பே முடித்துவிட்டு, பூப் படத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஃபோட்டோகிராஃபரைத் தேர்ந்தெடுப்பது

விலையைக் கேட்பதற்கு முன், அவர் எடுத்த படங்களில் மாநிறமும் கறுப்புமாக இருக்கும் பிள்ளைகளின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். முகத்தில் நிறம் உயிரோடு இருக்கிறதா, சாம்பல் பூத்து இருக்கிறதா, ஆரஞ்சாகத் தெரிகிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தையும் வொயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்வது) அவர் எப்படிக் கையாளுகிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். திருத்தும்போது நிறத்தை வெளுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். பரு, கீறல் போல ஆறிவிடக் கூடியதை எடுக்கலாம். மச்சமும் பழைய தழும்பும் இருக்கட்டும் என்று சொன்னால் அவருக்குப் புரியும். பதினேழு வயதுப் பிள்ளை தன் நிறத்திலேயே அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிறகு பணம். சிட்டிங் ஃபீ என்பது எடுக்கும் கூலி மட்டும். படங்களுக்குத் தனி விலை இருக்கலாம். காப்புரிமை பொதுவாக எடுத்தவரிடமே இருக்கும். நீங்களாகப் பிரிண்ட் போட வேண்டுமானால் அதற்கான எழுத்து அனுமதி, அதாவது பிரிண்ட் ரிலீஸ், தருவாரா என்று கேளுங்கள். பூங்காவில் எடுப்பதற்குச் சில ஊர்களில் அனுமதி வாங்க வேண்டும். அதை யார் வாங்குவது என்பதும் முன்பே முடிவாகட்டும்.

3. நேரம்

வெளியில் எடுப்பதென்றால் சூரியன் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் சரி. நடுப்பகல் வெயில் உச்சியிலிருந்து விழுவதால் கண்குழி இருண்டுவிடும். நமக்குக் கரிய கண்கள். அந்த நிழலில் கண்ணே தெரியாமல் போகும். மரத்தடிதான் நிழல் என்று நிற்க வைப்பதும் தவறு: இலை வழியாக விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாக வரும், புல்லின் பச்சை தாடைக்கு அடியில் ஏறும். கட்டடத்தின் சீரான நிழல் அதைவிட நல்லது. தெற்கு மாநிலங்களில் ஜூலை மாலைகூட வியர்க்க வைக்கும். அங்கே அதிகாலையைக் கேளுங்கள்.

4. உடை

ஸ்டூடியோவில் இயர்புக் படத்துக்குப் பல இடங்களில் அவர்களே உடை தருவார்கள். பெண்களுக்குத் தோளைச் சுற்றிவரும் டிரேப் என்ற கறுப்புத் துணி, பையன்களுக்கு டக்ஸ் என்ற விருந்துக் கோட்டின் முன்பக்கம் மட்டும். டிரேப் கழுத்துக்குக் கீழே இறங்கி இருக்கும் என்பதால் உள்ளே தோளில் பட்டை இல்லாத உள்ளாடை போட்டுச் செல்ல வேண்டும். இதை யாரும் சொல்லாததால், பட்டையைக் கழற்றி உள்ளே செருகிக்கொண்டு சங்கடத்தோடு உட்கார்ந்திருக்கும் முகம்தான் படத்தில் வரும். கழுத்துச் சங்கிலி மெல்லியதாக இருக்கட்டும்.

சொந்த உடைகளுக்கு மூன்று செட் போதும். அதற்கு மேல் போனால் நேரம் உடை மாற்றுவதிலேயே கரையும். மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் வேண்டாம். கேமராவில் அவை அலையலையாக நெளியும். பளீர் பச்சை, பளீர் பிங்க் இரண்டும் தாடையில் தங்கள் நிறத்தைப் பூசிவிடும். பழுப்பும் காக்கியும் நம் தோலோடு கலந்து தெரியும். அரக்கு, கடுகு மஞ்சள், மயில் கழுத்து நீலம், கரும்பச்சை எல்லாம் எடுப்பாக இருக்கும். பளிச்சென்ற வெள்ளைக்குப் பதில் சந்தன வெள்ளை.

பட்டுப் புடவையோ பாவாடை தாவணியோ ஒரு செட்டாக வைக்கிறீர்களென்றால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். புதுப் பட்டு விறைப்பாக இருக்கும். கொசுவம் வயிற்றுக்கு முன்னால் குடைபோல் விரியும். முந்தின இரவே கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் எடுத்து, ஒவ்வொரு மடிப்பையும் இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி மெத்தைக்கு அடியில் வைத்துவிடுங்கள். காலையில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம், படிந்தும் நிற்கும். அகல ஜரிகை ஃப்ளாஷில் கண்ணைப் பறிக்கும், மெல்லிய கரை போதும். மல்லிகைச் சரம் எல்லா ஊரிலும் கிடைக்காது. இந்தியக் கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் நல்ல துணிப் பூச் சரம் வாங்கி வையுங்கள். பரத உடையில் எடுப்பதென்றால் அலங்காரத்துக்கே பல மணி நேரம் போகும். அதை மற்ற உடைகளோடு கலக்காமல் வேறு நாளில் வையுங்கள்.

5. கண்ணாடி

வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் நிழலிலும் பாதி கறுக்கும். அது புற ஊதாக் கதிருக்குக் கறுப்பது. பிள்ளை எப்போதும் கண்ணாடி போடுகிறவன் என்றால் கழற்றிவிட்டு எடுப்பது அவன் முகமாகவே இருக்காது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் இல்லாத அதே ஃபிரேமை இரவல் கேட்டுப் பாருங்கள். சாதாரண லென்ஸில் வெளிச்சம் பிரதிபலித்தால், காதுக்கு மேல் இருக்கும் காம்பை நூலளவு உயர்த்தினால் லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து வெளிச்சம் விலகிவிடும்.

6. முகமும் முடியும்: நாளை எண்ணிச் செய்யுங்கள்

முடி வெட்டுவது 10 நாள் முன்பு. வெட்டிய மறுநாள் எடுத்தால் காதோரம் வெளிறித் தெரியும். ஃபேஷியல் செய்வதானால் ஒரு வாரம் முன்பு. திரெட்டிங் 3 அல்லது 4 நாள் முன்பு, சிவப்பு அடங்கியிருக்கும். புதிய கிரீம் எதையும் அந்த இரண்டு வாரத்தில் தொட வேண்டாம். தலைக்கு எண்ணெய் முந்தின நாள் வேண்டாம்; முந்தின நாள் குளித்தால் முடி படியும். மருதாணி வைத்திருந்தால் கலைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், பாதி அழிந்த கை படத்தில் அழுக்குப் போல் தெரியும்.

ஸ்டூடியோவுக்குப் போகும் நாளில் ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் வேண்டாம். ஃப்ளாஷ் பட்டால் அது வெளுப்பாகத் திரும்பும். மாநிற முகத்தில் மாவு பூசியதுபோல் இருக்கும்.

7. பையில்

ஊக்கு 10, சீப்பு, ஹேர்பின், டிஷ்யூ, வாசலின், பொட்டு அட்டை, கறுப்பு சாக்ஸ், உடையில் ஒட்டிய தூசியும் நூலும் எடுக்கும் ரோலர், தண்ணீர். உடைகளை மடிக்காமல் ஹேங்கரில் எடுத்துச் செல்லுங்கள். காரில் சட்டை போட்டு சீட் பெல்ட் கட்டினால் மார்புக்குக் குறுக்கே சுருக்கம் விழும். அங்கே போய் மாற்றுங்கள். மொபைலையும் சாவியையும் பேன்ட் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

8. நிற்பது

முந்தின வாரம் மொபைலில் பத்துப் படம் எடுத்துப் பழகினால் போதும். உடல் எடையைப் பின்காலில் வைத்து, தோளைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, தாடையை முதலில் முன்னே நீட்டி, பிறகு கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பார்த்தால் ஆமை போல இருக்கும். முன்னாலிருந்து எடுத்தால் கழுத்துக்கும் தாடைக்கும் கோடு தெளிவாக வரும். சிரிப்பு வரவில்லையென்றால் ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள். அம்மா, அப்பா இருவரும் ஃபோட்டோகிராஃபருக்குப் பின்னால் நின்று "சிரி, நேராப் பாரு" என்று சொன்னால் பிள்ளையின் கண் மூன்று திசையில் அலையும். ஒருவர் மட்டும் போங்கள். அவரும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

9. படங்கள் வந்த பிறகு

இயர்புக்குக்கு 2க்கு 3 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்டால் 600க்கு 900 பிக்சல். 8க்கு 10 அங்குலப் பிரிண்ட்டுக்கு 2400க்கு 3000 வேண்டும். மூலக் கோப்பை ஒரு டிரைவிலும் வேறோர் இடத்திலும் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவுக்கு அனுப்பிய படத்தையே எடுத்துப் பள்ளிக்கு ஏற்றாதீர்கள். அது அங்கே சுருங்கிப் போயிருக்கும், அச்சில் மூக்கும் கண்ணும் கரைந்து வரும். உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க வாலட் அளவு, அதாவது 2.5க்கு 3.5 அங்குலம், கைக்கு அடக்கம். பிள்ளை வகுப்பில் யார் யாருக்குத் தர நினைக்கிறாள் என்று பட்டியல் எழுதச் சொல்லி, அந்த எண்ணிக்கையோடு ஊருக்கு அனுப்ப வேண்டியதையும் சேர்த்துப் பிரிண்ட் சொல்லுங்கள்.