யூஎஸ்பியில் பூட் ஆகாத கம்ப்யூட்டர்

புது விண்டோஸ் போட பென்டிரைவைச் செருகியும், அதிலிருந்து பூட் ஆகாமல் (தொடங்காமல்) பழைய விண்டோஸே திறக்கிறதா? ஷட் டவுன் வேண்டாம், ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை கறுத்ததும், எதிலிருந்து தொடங்குவது என்று பட்டியல் காட்டும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள்: டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

பட்டியலில் பென்டிரைவே இல்லையென்றால் அதை எழுதிய விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அப்படியே காப்பி செய்தால் பூட் ஆகாது. பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரிக்கும் முறை), யூஇஎஃப்ஐ (கம்ப்யூட்டரைத் தொடக்கும் புது முறை) என்று தேர்ந்து மறுபடி எழுதுங்கள். பென்டிரைவின் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கையால் காப்பி செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் இன்ஸ்டால்.விம் என்ற பெரிய கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஏறாது.

பட்டியலில் பென்டிரைவின் பெயர் தெரிந்தும் 'செக்யூர் பூட் வயலேஷன்' என்று மறித்தால், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்புச் சோதனையை அணையுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், அதைத் திறக்கும் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அமைப்பைத் தொடுங்கள். இல்லாவிட்டால் பழைய டேட்டா கைக்கு எட்டாமல் போகலாம். டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்துப் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள்.